பத்து சென்ட் வயலில் வீடு கட்டப் போகிறவருக்கு

கேள்வி இது: "சுசீந்திரம் பக்கம் 10 சென்ட் மனை வாங்கியிருக்கிறேன். முன்பு வயலாக இருந்த இடம். கட்டடம் கட்டினாலே இயற்கை கெட்டுப்போகும் என்று சிலர் சொல்கிறார்கள். சரியாகக் கட்டினால் கெட்டுப்போன நிலத்தைக் கட்டடமே மீட்டுக் கொடுக்கும் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எது நடக்கும்? நான் என்ன செய்யலாம்?"

மனையில் மண் அடித்துவிட்டீர்களா? இன்னும் இல்லையென்றால் டிப்பர்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு இதைப் படியுங்கள். நம் மாவட்டத்தில் ஒரு வீடு இயற்கைக்குச் செய்கிற கேட்டில் பெரும்பங்கு அஸ்திவாரம் தோண்டும் முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. சிமென்ட், கம்பி, ஏசி எல்லாம் அதற்குப் பிறகுதான். முப்பது வருடமாக இங்கே வீட்டு பிளான் வரைந்து வேலையை மேற்பார்த்து வருகிறேன். கட்டடம் நிலத்தைக் கெடுக்குமா மீட்குமா என்று கேட்டால் நான் இரண்டு விஷயங்களைத்தான் பார்ப்பேன். மனையின் தரைமட்டத்தை என்ன செய்தார்கள்? அதில் விழுகிற மழை எங்கே போகிறது?

உங்கள் மனைக்கே கணக்குப் போடுவோம். 10 சென்ட் என்றால் 4,356 சதுர அடி. ரோட்டு மட்டத்துக்கு ஏற்ற நான்கு அடி மண் அடிக்கச் சொல்வார்கள். அது 17,424 கன அடி, அதாவது 174 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). மூன்று யூனிட் பிடிக்கிற டிப்பரில் 58 லோடு. மண் அமுங்கும் என்பதால் இன்னும் கூடும். இந்த மண் எங்கிருந்து வருகிறது? கல்குளம், விளவங்கோடு பக்கம் ஏதோ ஒரு குன்றின் சரிவிலிருந்து. அந்தச் சரிவின் செம்மண் மழையைக் குடித்து வைத்திருந்து, மாதக்கணக்கில் ஊற்றாகக் கசியவிட்டு ஓடைகளை ஓட வைத்த மண். அதை வெட்டி, மழையைத் தேக்கி வைத்திருந்த வயலின் மேல் கொட்டுகிறோம். ஒரு வீட்டுக்காக இரண்டு இடம் போகிறது. நாம் காசு கொடுப்பது ஒரு இடத்துக்கு மட்டும்.

அந்த வயல் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதையும் பாருங்கள். வரப்பு ஓர் அடி உயரம் என்றால், 10 சென்ட் வயலில் சுமார் 1.2 லட்சம் லிட்டர் நிற்கும். ஒரு ஏக்கருக்கு 12 லட்சம் லிட்டர். நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நடந்த காலத்தில் வருடத்தில் பெரும்பகுதி இந்த நீர் நின்றது, மெல்ல இறங்கியது. சுற்றியிருந்த கிணறுகளில் சித்திரையிலும் வெள்ளம் கிடந்ததற்கு அதுதான் காரணம். வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன்: எங்கள் பேச்சில் குடிக்கிற தண்ணீருக்கும் வெள்ளம் என்றுதான் பெயர். "குடிக்க கொஞ்சம் வெள்ளம் தாங்க" என்றுதான் கேட்போம். பயந்து ஓட வேண்டிய பொருளில் அந்தச் சொல் எங்கள் வீடுகளில் புழங்கத் தொடங்கியது வயல்கள் மேடான பிறகுதான் என்று எனக்குத் தோன்றும்.

வயலுக்கு மேலே குளம். அந்தக் குளத்துக்கு மேலே இன்னொரு குளம். மேல்குளம் நிறைந்து வழிகிற மறுகால்தான் கீழ்க்குளத்துக்கு வரத்து. எல்லாம் கடைசியில் பழையாற்றில் சேர்ந்து, மணக்குடிப் பொழியில், அதாவது முகத்துவாரத்தில், கடலைத் தொடுகிறது. உங்கள் மனைக்குப் பக்கத்தில் இருக்கிற சுசீந்திரம் - தேரூர் ஈரநிலங்கள் 2022-ல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. பரப்பு சுமார் 94 ஹெக்டேர். மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே வரும் பறவைகளின் பாதையில் இருக்கும் இடம் என்பதால் அந்தச் சிறப்பு. ஆனால் நாரையும் உள்ளானும் அந்த 94 ஹெக்டேரின் எல்லைக்கல்லைப் பார்த்து இரை தேடுவதில்லை. குளத்தில் ஆழம் கூடுகிற நாட்களில் அவை சுற்றியுள்ள வயல்களுக்குத்தான் போகும். கால் நனைகிற ஆழம்தான் அவற்றுக்குச் சாப்பாட்டுத் தட்டு. அந்த வயல்கள் மனையானால் பட்டியலில் குளம் இருக்கும், பறவை இருக்காது.

இங்கே என் சொந்தத் தவறைச் சொல்லாமல் உங்களுக்கு அறிவுரை சொல்வது சரியில்லை. டிப்ளமோ முடித்த புதிதில் ஒரு மனைப்பிரிவுக்கு நான் படம் வரைந்தேன். நான்கு ஏக்கர் வயல். நடுவில் மூன்றடி அகலம், இரண்டடி ஆழத்தில் ஓர் ஓடை. மேலே இருக்கிற வயல்களிலிருந்து வடிகிற நீருக்கான பாதை. இடத்தின் சொந்தக்காரர் ஓடையை ரோட்டுக்கு அடியில் கொண்டுபோகச் சொன்னார். நான் 9 இஞ்ச் பைப் போட்டேன். படத்தில் ஒரு நீலக்கோடு, அவ்வளவுதான். ஓடையின் குறுக்குவெட்டு 6 சதுர அடி. அந்தப் பைப்பின் வாய் அரை சதுர அடி கூட இல்லை. பதின்மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பள்ளிக்கூடப் பையன் போட்டுவிடக்கூடிய இந்தக் கணக்கை அன்று நான் போடவில்லை.

2021 நவம்பர் மழை நினைவிருக்கும். ரயில் பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்ற அதே மழை. அந்த மனைப்பிரிவில் முழங்கால் அளவுக்கு நீர் ஏறியது. கேள்விப்பட்டு நான் போனேன். ஒரு வீட்டு வராந்தாவில் நெல் மூட்டைகளை நாற்காலிமேல் ஏற்றி வைத்துவிட்டு ஒரு பாட்டா (தாத்தா) நின்றுகொண்டிருந்தார். அந்த வயலை ஒரு காலத்தில் உழுதவர், பிறகு அதிலேயே மனை வாங்கிக் குடிவந்தவர். ரோட்டோரம் சுழித்து நின்ற இடத்தைக் கையால் காட்டி, "அந்த பைப்ப ஆரு மக்கா போட்டது?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து எந்த மனைக்குப் போனாலும் முதலில் ஓடையை அளக்கிறேன். வீட்டை அளப்பது அதற்குப் பிறகு.

இன்னொரு காட்சியும் உண்டு. குளத்தாங்கரையை ஒட்டிய ஒரு வேலையில் காம்பவுண்டு மதில் எழுப்பி முடித்த மறுவாரம், இரவு மழை பெய்த காலையில் போயிருந்தேன். மதிலின் அடியை ஒட்டி ஈரமண்ணில் ஒரு தடம். நடுவில் வழவழப்பாக இழுத்த கோடு, இரண்டு பக்கமும் சின்னச் சின்ன நகப்பதிவு. கிழக்கு மூலை வரை போய், திரும்பி, மேற்கு மூலை வரை போய், மறுபடி திரும்பியிருந்தது. அறுபது அடி இருக்கும். ஓரிடத்தில் புதுப் பூச்சின்மேல் கீறல்கள். தடத்தின் முடிவில் உள்ளங்கை அகலத்தில் ஒரு குளத்து ஆமை, தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது. குளத்திலிருந்து மேட்டுக்கு வந்த வழியை ஒரே வாரத்தில் நாங்கள் அடைத்திருந்தோம். கொத்தனாரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் தரையை ஒட்டி இரண்டு செங்கலை உருவிவிட்டார். இப்போது நான் மேற்பார்க்கிற எந்த மதிலிலும் பத்தடிக்கு ஓர் ஓட்டை, தரைமட்டத்தில், அரையடி உயரமுள்ளதாக இருக்கும். நீரும் போகும், தவளையும் ஆமையும் கீரியும் போகும். இதற்கு ஆகிற செலவு ஒன்றுமே இல்லை என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

பழைய கட்டடங்களைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதில் நிறையாது. பத்மநாபபுரம் அரண்மனைக்கு எத்தனையோ முறை போயிருப்பீர்கள். அடுத்த முறை சிற்பங்களை விட்டுவிட்டுக் கூரையையும் முற்றத்தையும் மட்டும் பாருங்கள். இரண்டு பருவமழையும் வந்து அடிக்கிற ஊருக்கான கூரை அது. செங்குத்தாகச் சரிந்து, சுவரைத் தாண்டி நீண்டு, நீரைச் சுவரில் படாமல் மண்ணில் இறக்குகிறது. அரண்மனைக்குள் இருக்கிற தாய்க்கொட்டாரத்தின் நடுமுற்றம் வானத்துக்குத் திறந்திருக்கிறது. மரச் சட்டங்களின் இடைவெளி வழியாகக் காற்று நாள் முழுக்க நடமாடுகிறது. நம் ஊர் சாதாரண ஓட்டு வீடுகளிலும் இதே அறிவு சின்ன அளவில் இருந்தது. மச்சுக்கு மேல் கூரையின் இடுக்கில் கூகை குடியிருக்கும். ராத்திரி அது வயலுக்குப் போய் எலி பிடிக்கும். வீட்டுக் கூரை வயலுக்குக் காவல் பார்த்தது என்றே சொல்லலாம். தட்டையான கான்கிரீட் கூரை வந்ததும் கூகைக்கும் சிட்டுக்குருவிக்கும் இடமில்லாமல் போனது. வயலில் எலிக்கு விஷம் வைக்க வேண்டி வந்தது. அந்த எலியைத் தின்ற கூகையும் செத்தது.

ஆனாலும் பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் தேக்கும் பிலாவும் காட்டை வெட்டித்தான் வந்தன. அப்படிப்பட்ட வீடு ஊரில் சிலருக்குத்தான் வாய்த்தது. மற்றவர்கள் ஒழுகுகிற ஓலைக்குடிசையில் கிடந்தார்கள். கான்கிரீட் அவர்களுக்கு விடுதலையாகத்தான் வந்தது. அதனால் ஓட்டு வீட்டுக்குத் திரும்பிப் போங்கள் என்பது என் பதில் அல்ல. அந்தக் கூரையும் முற்றமும் செய்த வேலையை நம் வீடு எப்படிச் செய்வது என்பதுதான் பேச்சு.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். மனை முழுவதும் மண் அடிக்க வேண்டாம். வயல் களிமண்ணில் எப்படியும் பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்குகிற கான்கிரீட் தூண்) போடச் சொல்வார்கள். அந்தப் பைலையும் தூணையும் கொஞ்சம் உயர்த்தி, தரையை பீம்மேல் உட்கார வையுங்கள். வீடு நிற்கிற 1,200 சதுர அடி மட்டும் உயரட்டும். மீதி 3,000 சதுர அடி பழைய மட்டத்திலேயே கிடக்கட்டும். மழைக்காலத்தில் அதில் நீர் நிற்கும். நிற்கத்தான் வேண்டும். வாசலுக்கும் வண்டிக்கும் ஒரு சின்ன வரப்புப் பாதை போதும். 58 லோடு மண்ணுக்குப் போகிற பணத்தைத் தூணில் போடுகிறீர்கள், அவ்வளவே. கொசு வருமே என்று வீட்டில் கேட்பார்கள். முட்டை கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும். இரண்டு நாளில் வடிகிற நீரில் அது நடக்காது. நிரந்தரமாக நிற்கிற மூலையை ஒரு சின்னக் குட்டையாக்கிக் கெண்டை, பனையேறி மீன்களை விட்டால் அவை கொசுப்புழுவைத் தின்றுவிடும். பின்னாலேயே தும்பி வரும். வேலியோரச் சாக்கடையிலும் மாடியில் கிடக்கிற டயரிலும் வளர்கிற கொசுவைத்தான் நாம் வயலின் தலையில் கட்டுகிறோம்.

சுவருக்கு எலிப்பொறிக் கட்டு கேட்டுப் பாருங்கள். செங்கலைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு லாரி பேக்கர் என்ற கட்டடக்கலைஞர் இதைப் பரப்பினார். நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சம், வெயிலும் உள்ளே இறங்காது. செங்கல் எங்கிருந்து வருகிறது? வயலின் மேல்மண்ணை வழித்துச் சூளைக்குப் போனதுதானே. செங்கல் குறைந்தால் எங்கேயோ ஒரு வயலின் வண்டல் பிழைக்கிறது. கூரைக்கும் அவர் வழி ஒன்று உண்டு. கான்கிரீட்டின் அடிப்பகுதியில் ஓடுகளைப் பதித்து வார்ப்பது. கான்கிரீட்டின் அளவு குறையும்.

முற்றத்தில் இன்டர்லாக் கல் போடாதீர்கள். இந்த ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். நம் மாவட்டத்தில் கடந்த பதினைந்து வருடத்தில் கல் பாவாத முற்றம் என்பது அருமையாகிவிட்டது. 10 சென்ட் மனையில் 100 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 40,000 லிட்டர். முற்றம் மண்ணாக இருந்தால் அதில் நல்ல பங்கு அங்கேயே இறங்கும். கல்லாக இருந்தால் மொத்தமும் பத்து நிமிடத்தில் ரோட்டுக்கு. கூரை நீரைச் சேகரிக்கும் அமைப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம்தான். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அது பிளான் பாஸாவதற்காக வைத்த ஒரு குழாய். நீங்கள் அதைக் கிணற்றோடு நிஜமாகவே இணையுங்கள். நிலத்தடி நீர் மேலாக நிற்கிற இடம் என்பதால் கழிவுக்கு உறைக்கிணறு வேண்டாம். அடி மூடிய செப்டிக் டேங்க் கட்டி, அதிலிருந்து வருகிற நீரை ஜல்லிப் படுக்கையில் விட்டு, கல்வாழையும் சேம்பும் நடுங்கள். மதிலோரம் தாழை, பூவரசு, புன்னை. மேடான மூலையில் ஒரு அயனி மரமோ ஞாவல் (நாவல்) மரமோ. வாங்கி வைத்த புல்தரை வேண்டாம். அதற்கு மருந்தும் நீரும் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு வீடு இப்படிச் செய்தால் ஊர் மாறிவிடுமா? மாறாது. நகரத்தின் சாக்கடை பழையாற்றில் கலக்கிறவரை உங்கள் கல்வாழைப் படுக்கை உங்கள் கிணற்றைத்தான் காக்கும். நாகர்கோவில் 2019-ல் மாநகராட்சியானது. பெயர் வளர்ந்த வேகத்தில் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ஏற்பாடு வளரவில்லை. நகரம் நினைத்தால் கழிவையே வாழ்வாக்கலாம் என்பதற்குக் கொல்கத்தாவின் கிழக்கு விளிம்பு சாட்சி. நகரத்துக் கழிவுநீர் அங்கே ஆழமில்லாத குளங்களில் பரவி நிற்கிறது. வெயிலும் பாசியும் அதைத் தெளிய வைக்க, அதில் மீன் வளர்கிறது, பக்கத்தில் காய்கறி விளைகிறது. 12,500 ஹெக்டேர், 2002-ல் ராம்சார் பட்டியலில் ஏறியது. அதை நடத்திக் காட்டியவர்கள் மீன்காரர்களும் விவசாயிகளும். சிங்கப்பூரில் பிஷான் பூங்காவின் ஓரமாக ஓடிய 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் நீளத்தில் வளைந்து ஓடும் ஆறாக 2012-ல் மாற்றினார்கள். மழை நாளில் ஆறு பூங்காவுக்குள் ஏறும், பிறகு இறங்கும். நாம் நேர்மாறாக, மண்கரையாக இருந்த சானல்களுக்கெல்லாம் கான்கிரீட் பூசிக்கொண்டிருக்கிறோம். கடைவரம்பு (கடைமடை) வரை நீர் போய்ச் சேர வேண்டும் என்ற நியாயம் அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கரையோரக் கிணறும் தவளையும் கணக்கில் வரவேயில்லை.

குளத்தை அழகுபடுத்துகிறோம் என்று செய்கிற வேலைகளில் எனக்குப் பெரிய வருத்தம் உண்டு. சுற்றிலும் கல் பதித்துச் செங்குத்தான கரை, நடைபாதை, விளக்குக் கம்பம், இருக்கை. நடப்பவர்களுக்கு நல்லதுதான். ஆனால் நாணலும் கோரையும் முளைக்கிற சரிவான ஓரம் போய்விடுகிறது. நீலத் தாழைக்கோழி அங்கேதான் கூடு கட்டும். உள்ளான் அங்கேதான் மேயும். தூர்வாருகிறோம் என்று எல்லா இடத்தையும் ஒரே ஆழத்துக்குத் தோண்டினால் நீந்துகிற பறவை வரும், நடக்கிற பறவை வராது. சியோலில் மேம்பாலத்தை இடித்து மீட்ட சோங்கேசோன் ஓடையை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். 2005-ல் திறந்த அந்த 5.8 கிலோமீட்டர் ஓடையில் ஓடுவதில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து பம்பு வைத்து ஏற்றுகிற நீர். ஊருக்குக் குளிர்ச்சி கிடைத்தது, உண்மை. ஆனால் ஓடை தன் காலில் நிற்கவில்லை. நம் குளங்களுக்கு வரத்து ஓடை இன்னும் மிச்சம் இருக்கிறது. அதை அடைத்துவிட்டுப் பிறகு பம்பு வாங்கும் நிலைக்கு நாம் போகக் கூடாது.

கடற்கரை தனிக்கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். கடலுக்குள் கல் கொட்டிப் போடுகிற தூண்டில் வளைவும் துறைமுகச் சுவரும் ஒரு பக்கம் மணலைச் சேர்க்கும், மறுபக்கம் கரையைத் தின்னும். ஓர் ஊரைக் காத்த கல் அடுத்த ஊரின் வீட்டைச் சாய்க்கும். கரையோர விளக்குகள் வேறு. பங்குனி ஆமைக்குஞ்சு முட்டையை உடைத்து வெளியே வந்ததும் வெளிச்சம் இருக்கிற பக்கம்தான் ஓடும். கடலின் மினுக்கத்தைவிட ரோட்டு விளக்கு பெரிதாக இருந்தால் அது ரோட்டுக்குப் போகும். மணக்குடியில் மட்டும் ஒரு நல்ல செய்தி. 2004 சுனாமியில் பாலத்தையே தூக்கிச் சென்ற அந்தப் பொழியோரத்தில் வனத்துறை நட்ட கண்டல் (அலையாத்தி) இன்று காடாக நிற்கிறது. போய்ப் பாருங்கள். வேர்களுக்கு இடையில் நண்டும் மீன்குஞ்சும் இருக்கும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் நெல்வயல்களையும் ஈரநிலங்களையும் காக்க 2008-லேயே தனிச்சட்டம் வந்தது. நமக்கு 2007-ல் குளங்களின் ஆக்கிரமிப்பை அகற்றும் சட்டம் இருக்கிறது. வயலுக்கு அதைப் போன்ற பாதுகாப்பு இல்லை. நாற்கரச் சாலையின் மண்மேடு வயல்களையும் குளங்களையும் குறுக்கே வெட்டிப் போகும்போது, அதற்கு அடியில் நீர் போக எத்தனை சிறுபாலம், எவ்வளவு அகலம் என்று கேட்கிற இடத்தில் ஊர்க்காரர்கள் இருக்க வேண்டும். நான் போட்ட 9 இஞ்ச் பைப்பின் பெரிய அண்ணன்கள் அங்கே வந்துவிடக் கூடாது.

உங்கள் வேலைக்கு இப்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பிளானை அவசரமாக வரைய வேண்டாம், ஐப்பசி மழை பிடிக்கட்டும். நல்ல மழை அடிக்கிற ஒரு நாள், பக்கத்தில் இன்னும் வயல் வைத்திருப்பவர் யாரையாவது கூட்டிக்கொண்டு மனைக்குப் போங்கள். கையில் பத்துப் பதினைந்து முளைக்குச்சி இருக்கட்டும். வெள்ளம் எந்தப் பக்கம் நுழைகிறது, எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் இறங்குகிறது என்று அவர் காட்டக் காட்டக் குச்சியை அடியுங்கள். மறுநாள் அந்தக் குச்சிகளைப் படம் எடுத்து, உங்கள் பிளான் வரைகிறவரிடம் கொடுத்து, இந்தக் கோட்டின்மேல் எதுவும் வராமல் வீட்டை வைக்கச் சொல்லுங்கள்.